எண்ணெயை உண்ணும் எண்ணெய்

எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று ஒட்டா என்பது எல்லோரும் அறிந்ததே. மனம் பொருந்தாத இருவரை எண்ணெயும் தண்ணீரும் போல என்று கூறுவதும் நம் வழக்கு. ஒட்டாத பொருள்களாயின் அவற்றைப் பிரித்தெடுத்தல் எளிதாதல் வேண்டுமன்றோ? ஆயினும் கப்பல் உடைந்து கடலிலே மசகெண்ணெய் பரந்த போதெல்லாம் அதனை அள்ளப் புகுந்தோர் கண்ட அனுபவம் இதற்கு மாறானது. நீரை விட்டு எண்ணெயை மாத்திரம் பற்றிக்கொள்ளும் பொருள் ஒன்றைத் தேடி அவர்கள் வைக்கோலையும் மரத்தூளையும் மனிதரின் தலைமயிரையும் கூடப் பயன்படுத்திப் பார்த்திருக்கின்றனர்.

2018 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரிலுள்ள பிளிண்டர்சு பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இத்தேட்டத்திற்குப் புதியதொரு விடையை வெளியிட்டனர். பொரித்துக் கழித்த தாவர எண்ணெயையும் கந்தகத்தையும் ஒன்றாக உருக்கி அவர்கள் பெற்ற இறப்பர் போன்ற பொருள், நீரை விலக்கி எண்ணெயைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. பல சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகவும் வலையாகவும் பிணைந்தமையும் இத்தகைய பொருளைப் பல்பகுதியம் என்பர். எண்ணெயாலான பொருளே எண்ணெயை உண்பது கேட்போர்க்கு வியப்பைத் தருவது. புதுமை என்று அதனைப் பாராட்டியதில் தவறில்லை. எனினும் அப்பொருளின் உறவினரான வேறொரு பொருள் நூற்றாண்டுக்கு மேலாக நம் மாணவரின் பென்சிற் பெட்டிகளிற் கிடந்துவந்தது என்பதை வரலாறு அறிந்தோர் சொல்லாமல் விடலாகாது. அத்தனை காலமாகக் கையிலிருந்த ஒன்று ஏன் 21 ஆம் நூற்றாண்டு வரை இப்பணிக்கு அழைக்கப்படவில்லை என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

எண்ணெய் கெட்டியாதல் என்னும் நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவோம். நல்லெண்ணெயிற் பலமுறை பொரித்த தாச்சியின் விளிம்பிலே மண்ணிறமான பசை போன்ற படை ஒன்று ஏறியிருப்பதைக் காணலாம். சாம்பலிட்டுத் தேய்த்தாலும் அது எளிதிற் போகாது. அஃது அழுக்கன்று, பிணைந்து கெட்டியான எண்ணெயே அது. ஆளிவிதையெண்ணெய், அக்குரோட்டெண்ணெய், கசகசாவெண்ணெய் முதலியன அடுப்பின் உதவியுமின்றி, காற்றுப் பட்ட அளவிலே சில நாள்களிற் படலமாய் இறுகுந் தன்மையுடையன. இவற்றை உலரும் எண்ணெய்கள் என்பர். நிறப்பொடியை இவற்றிற் குழைத்துச் சித்திரம் எழுதும் கலை ஐரோப்பாவிற் பிறந்தது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் ஆப்கானிசுத்தானத்துப் பாமியன் குகைகளிலே, கி. பி. 7 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த பௌத்த ஓவியங்களில் உலரும் எண்ணெய் கலந்த வண்ணங்கள் இருப்பதை 2008 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகள் காட்டின. எண்ணெயைப் பல்பகுதியமாக்கும் தொழில் அதன் பெயர் அறியப்படுமுன்னரே ஆசிய மண்ணில் நடந்திருக்கின்றது.

எல்லா எண்ணெயும் இவ்வாறு உலராமைக்குக் காரணம் என்ன? தாவர எண்ணெயின் மூலக்கூறு ஒவ்வொன்றும் கிளிசரோலோடு மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகள் தொடுக்கப்பெற்ற அமைப்பு. அச்சங்கிலிகளில் அடுத்தடுத்த காபன் அணுக்கள் சிலவிடங்களில் இரட்டைப் பிணைப்பால் இணைந்திருக்கும். அவ்விடங்களே பிற பொருள்கள் வந்து பற்றுவதற்கு ஏற்ற கொளுவிகள் எனலாம். கொளுவி மிகுந்த எண்ணெய் எளிதில் வலையாகும். கொளுவி இல்லாதது எத்தனை நாளாயினும் எண்ணெயாகவே இருக்கும். 1884 ஆம் ஆண்டில் ஊபிள் என்னும் ஒசுத்திரியர் இதனை அளந்தறிய வழி வகுத்தார். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயடீனை ஏற்கின்றது என்பதே அவ்வளவை. ஆளிவிதையெண்ணெய்க்கு அது 170க்கு மேல். நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120 வரை. தேங்காயெண்ணெய்க்கோ 6 முதல் 11 வரையே. தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நிரம்பியவை, அதாவது கொளுவியற்றவை. நம் நாட்டு அடுக்களைகளில் மிகுதியும் புழங்குவது இவ்வெண்ணெயாதலின், இவ்விலக்கங்களை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும். பின்னர் இவை பயன்படும்.

எண்ணெயைக் கெட்டியாக்கிப் பெருந்தொழிலாக நடத்தியோருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் பிரடெரிக் வால்ற்றன் என்னும் ஆங்கிலேயர். மூடாது விட்ட வண்ணப் பேணியின் மேற்பரப்பில் இறப்பர் போன்ற தோல் ஒன்று படர்ந்திருந்ததை அவர் கண்டார். அதைப் பார்த்தவர் அவருக்கு முன் ஆயிரமாயிரம் பேர் இருந்திருப்பர். அவரெல்லாம் அதனை வழித்து எறிந்தனர். வால்ற்றன் அத்தோலையே வேண்டினார். தொங்கவிட்ட பருத்தித் துணிகளின் மீது ஆளிவிதையெண்ணெயைத் திரும்பத் திரும்ப ஊற்றிப் படைபடையாக உறையவைத்து, அதனைத் தக்கைத் தூளோடும் குங்கிலியத்தோடும் அரைத்துத் துணியின் மேல் அழுத்தி, நிலத்தில் விரிக்கும் விரிப்பாக்கினார். 1860 ஆம் ஆண்டிலும் 1863 ஆம் ஆண்டிலும் அவர் உரிமைப் பத்திரங்கள் பெற்றார். ஆளி, எண்ணெய் என்பவற்றைக் குறிக்கும் இலத்தீன் சொற்களைச் சேர்த்து 'இலினோலியம்' என்று பெயரிட்டார். 1878 ஆம் ஆண்டில் அப்பெயருக்கு உரிமை கோரி நடந்த வழக்கிலே, அது பொருளின் பொதுப்பெயராகிவிட்டது என்று கூறி மன்று அவர் தரப்பைத் தள்ளிற்று. தாம் இட்ட பெயர் எல்லோருக்கும் உரியதாகும் அளவுக்கு ஒரு பொருளைப் பரப்பியவர் தோற்றார் என்பதா, வென்றார் என்பதா?

வால்ற்றன் காற்றிலுள்ள ஒட்சிசனைக் கொண்டு எண்ணெயைப் பிணைத்தார். கந்தகத்தைக் கொண்டு பிணைத்தல் மற்றொரு வழி. அதன் கதை இறப்பரோடு தொடங்குகின்றது. இறப்பர்ப்பால் தந்த பொருள் வெயிலில் இளகியும் குளிரில் நொறுங்கியும் மக்களை ஏமாற்றிய காலத்தில், 1839 ஆம் ஆண்டில், அமெரிக்கரான சாள்சு குட்இயர் அதனோடு கந்தகம் கலந்து சூடாக்கினால் அது நிலைபெறும் எனக் கண்டார். இங்கிலாந்தில் தோமசு ஆன்கொக் அதே முறைக்கு 1843 ஆம் ஆண்டில் உரிமைப் பத்திரம் வேண்டினார். உரோமரின் அக்கினித் தெய்வமான வல்கன் பெயரால் அம்முறை வல்கனைசாக்கம் எனப்பட்டது. இறப்பர்ச் சங்கிலிகளிலும் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. கந்தக அணுக்கள் அவற்றைப் பற்றி ஒரு சங்கிலியை மற்றொன்றோடு பாலமிட்டு இணைக்கின்றன. இறப்பருக்குக் கந்தகம் செய்ததை எண்ணெய்க்கும் செய்யுமன்றோ என்று எண்ணுதல் அடுத்த படி. 19 ஆம் நூற்றாண்டிலே கடுகினத்து எண்ணெய்களையும் ஆளிவிதையெண்ணெயையும் கந்தகத்தோடு கொதிக்கவைத்து மண்ணிறக் கட்டியாகவும், கந்தகக் குளோரைட்டோடு குளிரிலே கலந்து வெண்ணிறக் கட்டியாகவும் பெற்றனர். பிரெஞ்சு மொழியில் 'செயற்கையானது' என்னும் பொருளுடைய சொல்லால் இதனைப் 'பக்ரிசு' என்று வழங்கினர். விலையுயர்ந்த இறப்பரோடு கலந்து அதன் அளவைப் பெருக்கவும், இறப்பர்க் கலவையை மென்மையாக்கவும் இது பயன்பட்டது.

பென்சிற் கோட்டை அழிப்பதற்கு இறப்பர் உதவுமென்று யோசேப்பு பிறீசுற்லி 1770 ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். ஆனால் தனி இறப்பர் தாளில் வழுக்கும். தாளிற் படிந்த கரியைத் தன்னோடு ஒட்டிக்கொண்டு தானும் சிறிது சிறிதாக உதிர வேண்டும் என்பதற்காக அழிறப்பரில் பக்ரிசைச் சேர்த்தனர். மாணவன் அழித்த பின் ஊதித் தள்ளும் அத்துகளிலே கந்தகத்தாற் பிணைக்கப்பட்ட தாவர எண்ணெய் இருந்தது. பென்சிற் பெட்டியிற் கிடந்த உறவினர் என்று முன்னர்க் கூறியது இதனையே.

இனி வினாவுக்கு வருவோம். இப்பொருள் எண்ணெயை உறிஞ்சும் என்பது அக்காலத்தார்க்குத் தெரியாதா? இறப்பரைப் பற்றியாவது நன்கு தெரியும். மண்ணெண்ணெயில் இட்ட இறப்பர் உப்பிப் பருத்து வலுவிழப்பதைத் தொழிற்சாலைகள் அன்றாடம் கண்டன. ஆனால் அவர்கள் அதனைக் குணமாக எண்ணவில்லை, குற்றமாகவே எண்ணினர். எந்திரங்களின் குழாய்களும் அடைப்புகளும் எண்ணெய் பட்டு ஊதிக் கெட்டமையால், எண்ணெய் புகாத இறப்பரைப் படைப்பதே வல்லுநரின் கவலையாயிற்று. 1920களில் அமெரிக்கரான யோசேப்பு பற்றிக் கந்தகச் சங்கிலிகள் கொண்ட 'தயோகோல்' என்னும் செயற்கை இறப்பரை உருவாக்கினார். அதன் பெருமையே எண்ணெய்க்கு இடங்கொடாமைதான். கந்தகம் சேர்ந்த பல்பகுதியம் ஒன்று எண்ணெயை விலக்குவதற்காக ஒரு தலைமுறையிற் பாராட்டப்பெற்றது. வேறொன்று எண்ணெயை விழுங்குவதற்காகப் பின்னொரு தலைமுறையிற் பாராட்டப்பெறுகின்றது. பொருளின் குணம் மாறவில்லை, தேவை மாறிற்று என்க. கடலில் எண்ணெய் மிதக்காத உலகிலே எண்ணெய் உறிஞ்சும் பொருளைத் தேடுவார் யார்?

அத்தேவை தோன்றிய வரலாறு பெற்றோலியத்தின் வரலாறே. 1859 ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவில் எட்வின் திறேக்கு கிணறு துளைத்து எண்ணெய் கண்டார். பீப்பாய்களில் அடைத்துச் செல்லப்பட்ட எண்ணெய் விரைவிலே கப்பலின் வயிற்றில் நேராக ஊற்றிச் செல்லப்பட்டது. 1892 ஆம் ஆண்டில் 'மியூரெக்சு' என்னும் கப்பல் கருங்கடற் கரையிலிருந்து மண்ணெண்ணெயை ஏற்றிச் சுயெசுக் கால்வாயூடாகக் கீழைத்தேசம் நோக்கி வந்தது. அன்று தொடக்கம் நம் இந்துசமுத்திரமும் எண்ணெய்க் கப்பல்களின் பாதையாயிற்று.

கப்பல் பெருத்தது போல விபத்தும் பெருத்தது. 1967 ஆம் ஆண்டு மாச்சு மாதம் 18 ஆந் திகதி 'தொறி கன்யன்' என்னும் கப்பல் ஏறக்குறைய 119,000 தொன் குவைத்து மசகெண்ணெயோடு இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பாலுள்ள பாறையில் மோதிற்று. அத்துணைப் பெரிய எண்ணெய்க் கசிவை உலகம் அதற்கு முன் கண்டதில்லை. எண்ணெயை எரித்துவிடலாம் என்று எண்ணிய அரசாங்கம் விமானங்களை அனுப்பிக் கப்பலின் மேற் குண்டு போடுவித்தது. கடலிலும் கரையிலும் பரந்த எண்ணெயைக் கரைப்பதற்காக ஏறக்குறைய 10,000 தொன் சுத்திகரிப்புத் திரவம் தெளிக்கப்பட்டது. இந்தத் திரவமே பெருங்கேடாயிற்று. பாறைகளில் ஒட்டி வாழ்ந்த சிப்பி, நத்தை முதலியன எண்ணெய் மாத்திரம் பட்ட இடங்களிற் பெரும்பாலும் பிழைத்தன. திரவம் தெளித்த இடங்களில் மாண்டொழிந்தன. பிளிமத்து நகரத்துக் கடலுயிர் ஆய்வாளர் அடுத்த ஆண்டில் வெளியிட்ட அறிக்கை இவ்வுண்மையை உறுதிப்படுத்திற்று. பிரெஞ்சுக்காரர் தம் பக்கத்தில் சீமைச் சுண்ணாம்புத் தூளைத் தூவி எண்ணெயைக் கடலடியில் அமிழ்த்தினர். கண்ணுக்கு மறைந்தது, கடலை விட்டு நீங்கவில்லை.

எண்ணெயைக் கரைத்து மறைப்பதிலும் பார்க்க அள்ளி அகற்றுவதே தக்கது என்னும் எண்ணம் இதன் பின்னரே வலுப்பெற்றது. ஆனால் அள்ளுவது எவ்வாறு? எண்ணெய் நீரில் எத்துணை மெல்லியதாய்ப் பரவும் என்பதை இலண்டனருகே கிளப்பம் என்னும் இடத்துக் குளமொன்றில் பெஞ்சமின் பிறாங்கிளின் சோதித்தறிந்து 1774 ஆம் ஆண்டில் எழுதியிருக்கின்றார். ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத எண்ணெய் அரை ஏக்கர் நீர்ப்பரப்பைக் கண்ணாடி போல அமைதியாக்கிற்று. கணக்கிட்டால், ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சங் கூறிட்டு அவற்றுள் இரண்டு மூன்று கூறே அப்படலத்தின் தடிப்பு ஆகும். மசகெண்ணெய் இவ்வளவு மெல்லியதாகப் பரவுவதில்லையாயினும், அகப்பையால் அள்ளக்கூடிய பொருளன்று அது. எண்ணெயைத் தன்பால் இழுக்கும் பொருளே வேண்டும்.

1969 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் சந்தா பாபராக் கரையிலே எண்ணெய் ஒதுங்கியபோது வைக்கோலைக் கொட்டி வாரினர். வைக்கோல் எண்ணெயையும் குடிக்கும், நீரையும் குடிக்கும். நீர் குடித்தது தாழும். பின்னர்ப் பல்புரொப்பிலீன் என்னும் செயற்கைப் பஞ்சு பெருவழக்காயிற்று. இத்தாலியரான யூலியோ நற்றா 1954 ஆம் ஆண்டிற் கண்ட பல்பகுதியம் இது. நீரை ஏற்காது, மிதக்கும், எண்ணெயை நன்கு பற்றும்; ஆனால் இதுவும் பெற்றோலியத்தின் பிள்ளையே. சிந்திய எண்ணெயைத் துடைக்க மேலும் எண்ணெயைச் செலவிட்டுத் துணி நெய்து, பயன்பட்ட பின் அதனை எரிக்கவோ புதைக்கவோ செய்தனர். 2020 ஆம் ஆண்டில் மொரிசியசுத் தீவிலே 'வக்காசியோ' என்னும் கப்பல் பவளப்பாறையில் ஏறி ஏறத்தாழ 1,000 தொன் எரிபொருளெண்ணெயைச் சிந்தியபோது, அத்தீவு மக்கள் அரசாங்கத்தை எதிர்பார்த்திருக்கவில்லை. கரும்புச் சோகையைத் துணிப்பைகளில் அடைத்து நீண்ட மிதவைகளாகத் தைத்துக் கடலில் இட்டனர். தலைமயிரைக் கத்தரித்துக் கொடுத்தோரும் பலர். மயிர் எண்ணெயைப் பற்றும் என்பதை எண்ணெய் தேய்த்து முழுகும் நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

கந்தகத்தின் கதை இதனோடு வந்து கூடுமிடம் சுவையானது. குட்இயர் தம் அடுப்பருகே நின்ற காலத்திற் கந்தகம் அரசுகள் போரிடுதற்குரிய பொருளாயிருந்தது. ஐரோப்பாவுக்கு வேண்டிய கந்தகத்திற் பெரும்பகுதி சிசிலித் தீவின் சுரங்கங்களிலிருந்தே வந்தது. அத்தீவை ஆண்ட மன்னன் 1838 ஆம் ஆண்டில் அவ்வாணிகத்தின் தனியுரிமையைப் பிரெஞ்சு நிறுவனமொன்றுக்கு அளித்தான். இதனாற் சினந்த பிரித்தானியா 1840 ஆம் ஆண்டிற் கடற்படையை அனுப்பி அவன் நாட்டுக் கப்பல்களைப் பிடித்தது. அத்துணை அருமை! பின்னர் எர்மன் பிராசு என்பவர் நிலத்தடியிற் கொதிநீரைச் செலுத்திக் கந்தகத்தை உருக்கி மேலே கொணரும் முறையை 1894 ஆம் ஆண்டிலே உலூசியானாவில் நடத்திக் காட்டியதோடு சிசிலியின் ஆதிக்கம் தளர்ந்தது. அதற்கும் பின் நிகழ்ந்ததே பெரிய மாற்றம். மசகெண்ணெயிலும் இயற்கை வாயுவிலும் கந்தகம் கலந்திருக்கின்றது. அதனை நீக்காது எரித்தால் காற்று நஞ்சாகி அமில மழை பொழியும். ஆதலின் 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாடுகள் எரிபொருளிலிருந்து கந்தகத்தை அகற்றச் சட்டஞ் செய்தன. 2020 ஆம் ஆண்டு தொடக்கம் கப்பல்களின் எரிபொருளிலும் அதன் அளவு நூற்றுக்கு அரைப் பங்காகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1883 ஆம் ஆண்டிற் கிளவுசு என்பவர் கண்ட முறையைத் தழுவிச் சுத்திகரிப்பு நிலையங்கள் இன்று பிரித்தெடுக்கும் கந்தகமே உலகச் சந்தையில் மிகுதி. ஆண்டுதோறும் கிடைக்கும் கந்தகம் 7 கோடி தொன்னுக்கு மேல். அதிற் பெரும்பகுதி கந்தகவமிலமாகிப் பசளைத் தொழிலுக்குச் செல்கின்றது. எஞ்சியது கனடாவின் அல்பேட்டா மாகாணத்திலே மஞ்சட் குன்றுகளாகக் குவிக்கப்பட்டது. கடற்படை அனுப்பித் தேடிய பொருளை வைக்க இடந்தேடும் காலம் வந்தது.

இக்குன்றுகளை என்செய்வது என்னும் வினாவே அமெரிக்காவின் அரிசோனாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜெப்ரி பியுன் குழுவினரைத் தூண்டிற்று. அவர்கள் 2013 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின் சாரம் இது: கந்தகத்தின் மூலக்கூறு எட்டு அணுக்கள் கொண்ட வளையம். ஏறக்குறைய 160 பாகை செல்சியசுக்கு மேற் சூடாக்கினால் வளையங்கள் அறுந்து நெடுஞ் சங்கிலிகளாகும். குளிரவிட்டால் அச்சங்கிலிகள் மீண்டும் வளையங்களாகச் சுருண்டுவிடும். சூடாயிருக்கும்போதே இரட்டைப் பிணைப்புள்ள சேர்வை ஒன்றைச் சிறிதளவு சேர்த்தால், அது சங்கிலிகளின் முனைகளைக் கட்டி நிலைநிறுத்தும். குட்இயரின் முறையில் நெடுஞ் சங்கிலி இறப்பருடையது, பாலமிடுவது சிறிது கந்தகம். இங்கோ நெடுஞ் சங்கிலி கந்தகத்தினுடையது, பாலமிடுவதே பிறிதொரு பொருள். ஆதலின் இதற்குத் தலைகீழ் வல்கனைசாக்கம் என்று பெயரிட்டனர். பொருத்தமான பெயர்.

பியுன் குழுவினர் பாலமிடப் பயன்படுத்தியது பெற்றோலியத்திலிருந்து பெறும் சேர்வை. பிளிண்டர்சுப் பல்கலைக்கழகத்து ஜஸ்டின் சால்க்கர் குழுவினர் அவ்விடத்தில் தாவரப் பொருள்களை வைத்தனர். முதலில் தோடம்பழத் தோலின் வாசனைக்குக் காரணமான இலிமொனீன். அதன்பின் 2017 ஆம் ஆண்டில் கனோலா எண்ணெய். கனோலா என்பது கனடாவிற் சீர்திருத்திப் பயிரிடப்பட்ட கடுகினத்து வித்து. அதன் அயடீன் அளவை 105 முதல் 126 வரை. கொளுவிகள் போதியவளவு உண்டு. கழித்த பொரியலெண்ணெயும் புதிய எண்ணெயைப் போலவே பயன்பட்டது. அவர்களுடைய முதல் நோக்கம் நீரிலும் மண்ணிலும் உள்ள இரசத்தைப் பற்றி அகற்றுவது. கந்தகம் இரசத்தை நாடும் என்பது நம் சித்த வைத்தியர்க்கும் பழகிய செய்தி. இரசமும் கந்தகமும் சேர்ந்ததே சாதிலிங்கம் அன்றோ.

செய்முறை வியக்கத்தக்க அளவு எளியது. கந்தகத்தை உருக்கி 180 பாகை வரை சூடாக்குவர். அதன் எடைக்குச் சமமான எண்ணெயை மெல்ல மெல்லச் சேர்த்துக் கலக்குவர். தொடக்கத்தில் இரண்டும் ஒட்டாமல் அடுக்காக நிற்கும். பிணைப்பு நிகழ நிகழ ஒன்றாகித் தடிக்கும். அந்நிலையில் நன்கு அரைத்த கறியுப்பைக் கொட்டுவர். உப்பின் அளவு சிறிதன்று. மொத்த எடையில் நூற்றுக்கு 70 பங்கு. இறுகிய கட்டியை இடித்துத் துகளாக்கி நீரிற் கழுவினால் உப்புக் கரைந்து போகும். உப்பிருந்த இடமெல்லாம் நுண்டுளைகளாக எஞ்சும். பழைய பக்ரிசுக்கும் இதற்குமுள்ள வேறுபாடு இரண்டு என்பது என் கருத்து: கந்தகத்தின் பங்கு சரிபாதியாக உயர்ந்தமை ஒன்று, உப்பால் ஆன துளை மற்றொன்று. எண்ணெய் உண்பதற்குப் பெரிதும் துணை நிற்பது இரண்டாவதே. மற்றும்படி இருவரும் ஒரே குடியினர். இவ்வாறு சொல்வதால் ஆய்வாளரின் பெருமை குன்றாது. ஒழித்து வைத்த பொருளை உரிய வேலைக்கு அழைத்தலும் ஒரு கண்டுபிடிப்பே.

2018 ஆம் ஆண்டின் ஆய்வில் இத்துகளை மசகெண்ணெயும் தீசலெண்ணெயும் மிதந்த நீரின்மேல் தூவினர். துகள் மிதந்தபடியே எண்ணெயைப் பற்றிக் களி போலத் திரண்டது. அதனை வலையால் வாரிப் பிழிந்து எண்ணெயை மீட்டனர். துகளை மறுபடியும் பயன்படுத்தினர். பெற்றோலியத்திலிருந்து விலக்கப்பட்ட கந்தகம், கடலிற் சிந்திய பெற்றோலியத்தைத் தேடிப் பிடிக்கின்றது.

ஆயினும் இப்பொருளைப் பற்றிப் பேசுவோர் சில வரம்புகளை மறத்தலாகாது. 'தாவரத்தால் ஆனது' என்னும் அடைமொழி பாதிக்கே பொருந்தும். மற்றப் பாதி கனிப்பொருள். எடைக்கு எடை நோக்கினால் இலவம்பஞ்சுக்கு இது ஈடாகாது. தன் எடையைப் போல் 30 மடங்குக்கு மேல் எண்ணெயை இலவம்பஞ்சு தாங்கும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. தலையணைக்கன்றி வேறெதற்கும் உதவாது என நாம் எண்ணிய பஞ்சு அது. இலவு காத்த கிளி இக்காலத்திற் பிறந்திருந்தால் அத்தனை ஏமாற்றம் அடைந்திராது போலும். அன்றியும் கழித்த எண்ணெய் இப்போது வீணே கிடப்பதில்லை. வண்டிக்கு எரிபொருளாக்கும் தொழில் அதனை விலைகொடுத்து வாங்குகின்றது. கழிவு என்று பெயர் பெற்ற பொருளுக்கு விலை ஏறினால், கழிவிலிருந்து மலிவாகச் செய்தோம் என்னும் கணக்கும் மாறும்.

நம் நாட்டை நோக்குவோம். 2020 ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்தில் ஏறக்குறைய 270,000 தொன் மசகெண்ணெயோடு சென்ற 'நியூ டயமண்ட்' என்னும் கப்பல் அம்பாறைக் கரைக்கு அப்பால் தீப்பற்றியது. ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். இலங்கை, இந்தியக் கப்பல்கள் பன்னாள் போராடித் தீயை அணைத்தன. கப்பலின் சொந்த எரிபொருளிற் சிறிது கசிந்து படலமாய் மிதந்தது, சரக்கெண்ணெய் தப்பியது. தொறி கன்யனில் இருந்ததைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட எண்ணெய் அது. கீழைக்கரை மீனவர் வாழ்வு அன்று நூலிழையில் நின்றது. அப்படியொரு நாளுக்கு முன்னேற்பாடாக உறிஞ்சு பொருளை இங்கேயே செய்துவைக்க முடியுமா என்று கேட்பார்க்கு, முன்னர்க் குறித்த அயடீன் இலக்கங்களே விடை தரும். நம் அடுக்களைகளிற் கழியும் தேங்காயெண்ணெயிற் கந்தகம் பற்றுவதற்குரிய கொளுவிகள் போதியவளவு இல்லை. அதனை எத்துணை நேரம் கந்தகத்தோடு கொதிக்கவைத்தாலும் இத்தகைய இறப்பராகாது. நல்லெண்ணெய் பொருந்தும், ஆனால் அதன் விலையை யாரறியார்! கறுவற்குரியதன்று இச்செய்தி. பிறநாட்டு முறை ஒன்றை அப்படியே பெயர்த்து நடுவதற்கு முன் நம் மண்ணின் எண்ணெய் எத்தகையது எனப் பார்த்தல் வேண்டும். இலவமரம் நம் வேலிகளிலேயே நிற்கின்றது.

யாழ்ப்பாணத்தார்க்கு வேறொரு கவலையும் உண்டு. சுன்னாகத்திலே மின்னுற்பத்தி நிலையத்தைச் சூழ்ந்த ஊர்களின் கிணறுகளிற் கழிவெண்ணெய் கலந்து குடிநீர் கெட்ட துன்பம் மறக்கத்தக்கதன்று. அதன்பொருட்டு உயர் நீதிமன்றம் வரை சென்ற வழக்கிலே, 2019 ஆம் ஆண்டில் பாதிக்கப்பட்டோர்க்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கும்படி தீர்ப்பாயிற்று. இத்தகைய துகள் கிணற்று நீரின்மேல் மிதக்கும் படலத்தைப் பற்றக்கூடியதே. குழாயில் நிரப்பி வடிகட்டியாகவும் இதனை அமைக்கலாம். ஆனால் நம் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் ஓடுவது. கல்லிடுக்கிற் புகுந்த எண்ணெயையோ, நீரிற் கரைந்துவிட்ட சேர்வைகளையோ மேலே தூவிய துகள் எட்டிப் பிடிக்க மாட்டாது. படலம் மறைந்தது கண்டு நீர் தூய்தாயிற்று என்று குடிப்பவர் பிரெஞ்சுக்காரரின் சுண்ணாம்புத் தூளை நம்பியவரே ஆவர்.

எண்ணெய் உண்டு உண்டு தேய்ந்த துகளை என்செய்வது என்னும் வினாவுக்கும் ஆய்வாளர் ஓரளவு விடை கண்டுள்ளனர். கந்தகத்துக்கும் கந்தகத்துக்கும் இடையிலான பிணைப்பு சூட்டில் எளிதாக அறுந்து மீண்டும் கூடும் இயல்புடையது. சால்க்கர் குழுவினர் 2020 ஆம் ஆண்டிலே இத்துகளை அச்சிலிட்டு ஏறக்குறைய 100 பாகைச் சூட்டில் அழுத்தியபோது, துகளும் துகளும் தம்முட் பிணைந்து ஒரே தகடாயின. அத்தகட்டை மறுபடியும் இடித்துத் துகளாக்கலாம். துகளை மறுபடியும் தகடாக்கலாம். வால்ற்றனின் ஆளிவிதைத் தோலுக்கு இவ்வியல்பு இருந்ததில்லை.